கத்தியும் கண்ணாடியும்

மூக்கின் வடிவம் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உலகம் ஒரு பேரறிஞனை இழந்திருக்கக் கூடும்! கட்டுக்கதையல்ல, நடந்த வரலாறு. ஆண்டு 1831. பீகிள் என்னும் கப்பல் உலகைச் சுற்றிவரப் புறப்பட ஆயத்தமாகிறது. உடன் செல்ல இயற்கை ஆராய்ச்சியில் நாட்டமுள்ள ஒருவர் தேவை. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் வந்து நின்றார். கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் அவருடைய மூக்கைப் பார்த்தார், ஐயங்கொண்டார். இப்படிப்பட்ட மூக்கு உடையவனிடம் நெடும்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் எங்கே இருக்கப் போகிறது என்று! நல்லவேளை, ஐயம் வென்றுவிடவில்லை. இளைஞர் கப்பலேறினார், ஐந்தாண்டுக் காலம் கடலும் கரையும் சுற்றினார். 1859-இல் அவர் வெளியிட்ட ஏடு, படைப்புக் கதைகளின் அடித்தளத்தையே ஆட்டிவைத்தது. அவர்தாம் டார்வின். தம் மூக்கைப் பற்றிய அந்தக் கணிப்பு தவறென்பதைக் கப்பல் தலைவர் பிறகு உணர்ந்துகொண்டார் என்று, டார்வினே தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

கப்பல் தலைவருக்கு இந்த 'மூக்குச் சாத்திரம்' எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்து நாட்டுப் பாதிரியார் லவாட்டர், முகத்தைக் கொண்டு அகத்தை அளக்கலாம் என்று 1775 முதல் 1778 வரை நான்கு தொகுதிகள் எழுதிக் குவித்தார். ஐரோப்பாவின் மாளிகைகள் அதை மறைநூல் போல் போற்றின. நெற்றிக்கு ஒரு பலன், மூக்குக்கு ஒரு பலன், முகவாய்க்கு ஒரு பலன்! முன்னே துருத்திய முகவாய் உறுதியின் அடையாளம். பின்வாங்கிய முகவாய் உறுதியின்மையின் அடையாளம்! நூறாண்டு கழிந்து, 1876-இல், இத்தாலியின் லொம்புரோசோ குற்றவாளிகளைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பிறவிக் குற்றவாளிக்கு அவர் கண்ட அடையாளங்களுள் ஒன்று பெருத்த தாடை! ஆக, சிறிதாயிருந்தால் கோழை; பெரிதாயிருந்தால் கொலைகாரன்! எந்த அளவில் இருந்தால் மனிதன் என்பதை மட்டும் அந்த அறிவாளிகள் கூறவில்லை.

மேல்நாடு மட்டுந்தான் இப்படியா? நம் நாடு இதில் இளைத்ததா? சாமுத்திரிகா லட்சணம் என்றொரு சரக்கு இங்கே நெடுங்காலமாகக் கடைவிரித்திருக்கிறது. பெண்ணின் நெற்றியைப் பார்த்தார்கள், பல்வரிசையைப் பார்த்தார்கள், நடையைப் பார்த்தார்கள். கால்விரலின் நீளத்திலே கணவனின் ஆயுளையும் கண்டுபிடித்தார்கள் அந்த மேதைகள்! கணவனின் கால்விரலை எவரும் அளந்ததாகத் தெரியவில்லை!

முகவாய் என்பது உண்மையில் யாது? கீழ்த்தாடை எலும்பின் முன்முனை. நியாண்டர்தால் மனிதனின் தாடை நம்முடையதினும் பருத்தது. ஆயினும், முன்னே துருத்திய முகவாய் அவனுக்கு இல்லை. குரங்குக்கும் இல்லை. இன்றைய மனித இனத்துக்கே உரியது அது. ஏன் தோன்றிற்று என்பதிலே அறிவியலாளர் இன்னும் கருத்து வேறுபடுகின்றனர். ஆனால் ஒன்றிலே ஐயமில்லை: மன உறுதி முகவாய் எலும்பில் குடியிருக்கவில்லை. சாக்ரடீசின் முகத்தை ஆராய்ந்த சோபிரஸ் என்ற முகக்கணிப்பாளன், அவரை மந்தமதியினர், இச்சைக்கு அடிமை என்று தீர்ப்பளித்தானென ரோமானிய அறிஞர் சிசரோ கூறுகிறார். ஏதென்சின் வீதிகளிலே இளைஞரைச் சிந்திக்கச் செய்து, நஞ்சுக் கோப்பையைக் கலங்காது ஏந்திய அந்தக் கிழவருக்கு! அண்ணாவின் உயரத்தை அளந்தா தமிழகம் 1967-இல் அவரை ஆட்சியில் அமர்த்திற்று? பெரியாரின் முகவாய் எத்தகையது? தாடி மறைத்திருந்தது, எவரும் கேட்டதுமில்லை, கேட்கத் தோன்றியதுமில்லை. அந்த வாயிலிருந்து வந்த சொல்லுக்குத்தான் நாடு காது கொடுத்தது.

இத்தனையும் அறிந்த பின்னும், இன்று நம் இளைஞரும் இளம்பெண்டிரும் மருத்துவரின் வாயிலில் நிற்கிறார்கள், "என் முகவாய் உள்வாங்கியிருக்கிறது, திருத்த முடியுமா?" என்று கேட்டு. முடியும் என்கிறது மருத்துவம். முறையா என்பதே கேள்வி.

முறையன்று என்று முதலில் கூச்சலிடுபவர் வைதீகர். ஆண்டவன் தந்த உருவத்தை மனிதன் மாற்றலாமா என்பது அவர் வாதம். மாற்றாத நாள் எது என்று கேட்கிறோம் நாம். காதிலே ஓட்டையிட்டது யார்? மூக்கிலே துளையிட்டது யார்? முடியை மழித்துக் காணிக்கை என்றது யார்? தலையையே அறுத்து ஆனைத் தலையை ஒட்டவைத்த புராணத்தைப் போற்றுவோர், முகவாயில் ஒரு சிறு கீறலைக் கண்டு பதறுவானேன்? அந்தப் புராணத்தையே ஒட்டறுவைக்குப் பழஞ்சான்றாக 2014-இல் ஒரு மருத்துவமனை விழாவிலேயே எடுத்துரைத்தார் நாட்டின் தலைமை அமைச்சர்!

உண்மைச் சான்று வேறெங்கும் அல்ல, உழைப்பாளியின் கையில் இருந்தது. அறுபட்ட மூக்கை ஒட்டவைக்கும் முறை சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூலில் உண்டு. ஆனால் 1794-இல் இலண்டன் இதழொன்று வெளியிட்ட செய்தி எது? போரில் சிறைப்பட்டு மூக்கறுக்கப்பட்ட கவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரர் ஒருவருக்கு, பூனாவைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைத்துக் கொடுத்தார் என்பது. அமைத்தவர் யார்? செங்கல் செய்யும் வகுப்பினர்! செய்தியைப் படித்த ஆங்கில மருத்துவர் கார்ப்பியூ, பல்லாண்டு முயன்று, 1814-இல் இலண்டனில் அந்த முறையைச் செய்து காட்டினார். இன்றைய ஒட்டறுவைக் கலை வளர்ந்த வேர்களுள் அது ஒன்று. ஏடு ஒருவரிடம் இருந்தது, திறம் வேறொருவரிடம் இருந்தது! சூர்ப்பனகையின் மூக்கை அரிந்த கதையைப் பக்தியோடு படிக்கும் நாட்டிலே, மூக்கை ஒட்டவைத்தவரின் பெயரைக் குறித்து வைக்க ஆளில்லை. அறுத்தவனுக்குக் காவியம், ஒட்டியவருக்கு அந்த அயல்நாட்டு இதழின் சில வரிகள்!

ஆகவே, உடலைத் திருத்துவது பாவமா என்ற கேள்வியை ஒதுக்கிவிடுவோம். பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. பயனா, கேடா என்பதே பகுத்தறிவின் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை காண, மருத்துவம் எத்தனை வழிகளைக் காட்டுகிறது, அவற்றின் நிறையென்ன குறையென்ன என்று முதலில் எடைபோட வேண்டும்.

எளிய வழி ஊசி. ஹயலூரானிக் அமிலம் என்னும் கூழ்போன்ற பொருளை முகவாயில் செலுத்தி, பள்ளத்தை மேடாக்குகிறார்கள். அறுவையில்லை, படுக்கையில்லை, அரைமணியில் முகம் மாறும். ஆனால் மாற்றம் நிலைக்காது. ஓராண்டு அளவில் பொருள் கரைந்துபோகும், மீண்டும் ஊசி, மீண்டும் செலவு! பிடிக்காவிட்டால் கரைக்க மருந்து உண்டு என்பது இதன் நன்மை. செலுத்துபவர் கை தவறி இரத்தக் குழாயினுள் பொருள் புகுந்தால் தோல் கருகி அழியக் கூடும் என்பது இதன் தீமை. முகத்தில் இடும் இத்தகைய ஊசிகளால், மிக அரிதாகவேனும், பார்வை பறிபோனதும் உண்டு. அழகு நிலையங்களில் அரைகுறையாகக் கற்றவரிடம் முகத்தை நீட்டுவோர் இதை அறிவார்களா?

இரண்டாவது வழி, பொருத்துவது. சிலிக்கோன் அல்லது நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீனால் செய்த துண்டொன்றை, வாயினுள்ளோ தாடைக்கடியிலோ கீறி, முகவாய் எலும்பின்மேல் வைத்துத் தைக்கிறார்கள். வேலை விரைவில் முடியும், புண்ணும் விரைவில் ஆறும். ஆயினும், வைத்தது அயற்பொருள் அல்லவா? சீழ் பிடித்தால் எடுத்தெறிய வேண்டியதுதான். இடம் பெயர்ந்தால் முகம் கோணும். அழுத்தத்தால் அடியிலுள்ள எலும்பு சிறிது தேய்வதும் உண்டு. முன்தள்ளிக் காட்டுவதிலே இது வல்லது. மிக நீண்ட முகவாயைக் குறுக்கவோ, பெரிதும் கோணியதை நேராக்கவோ இதனால் இயலாது.

மூன்றாவது வழி, எலும்பையே நகர்த்துவது. 1942-இல் ஓஃபர் என்ற மருத்துவர் இந்த வெட்டினை விவரித்தார். 1957-இல் டிரவுனரும் ஓப்வெகேசரும் முகத்தில் வடுவே தெரியாதபடி வாயினுள்ளிருந்தே செய்யும் முறையை எழுதினர். பல்லின் வேர்களுக்குக் கீழே முகவாய் எலும்பைக் குறுக்கே அறுத்து, மேசையின் இழுப்பறையை முன்னே இழுப்பதுபோல் இழுத்து, டைட்டானியத் தகடும் திருகாணியும் கொண்டு இறுக்கிவிடுகிறார்கள். தன் எலும்பு, தன் தசை, அயற்பொருளின் தொல்லை குறைவு. முன்னே நகர்த்தலாம், உயரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், கோணலைத் திருத்தலாம். ஆனால் மயக்க மருந்து வேண்டும், வீக்கம் வடிய வாரங்கள் வேண்டும். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அருகிலேயே ஓடுகிறது. மரத்துப்போதல் பெரும்பாலோருக்குத் திங்கள் சிலவற்றில் நீங்கும். சிலருக்கு முழுதும் நீங்காமலே நின்றுவிடும்.

நான்காவது, முகவாய் மட்டுமன்றித் தாடையே பின்தங்கியிருப்பவருக்கு உரியது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தா. கடிப்பதும் மெல்லுவதும் இடர்ப்பாடு. சிலருக்கு உறக்கத்தில் மூச்சடைப்பு. இவர்களுக்குப் பல் சீரமைப்புக் கம்பி பல திங்கள் பூட்டி, பிறகு தாடை எலும்பை இருபுறமும் பிளந்து முழுத் தாடையையும் முன்னே கொணர்கிறார்கள். இதுவே பெரிய அறுவை, இடர் மிகுந்த அறுவை, உதடு மரத்துப்போகும் வாய்ப்பும் மிகுதி. தேவையானவருக்கு இதுவே உண்மை மருத்துவம். இத்தகையவர் முகவாயில் மட்டும் ஒரு துண்டை ஒட்டிக்கொண்டு திரும்புவது, அடித்தளம் சரிந்த வீட்டுக்கு முன்சுவரில் சுண்ணாம்பு பூசுவதற்கு ஒப்பாகும்!

இவற்றுள் சிறந்தது எது என்று பொதுவாகக் கேட்பது, எந்த மருந்து நல்லது என்று நோயைக் கூறாமலே கேட்பது போன்றது. சிறு குறை, பல் பொருத்தம் சரியாயுள்ளது என்றால் பொருத்துவதும் போதும், நகர்த்துவதும் போதும். குறை பெரிது, கோணலும் உண்டு என்றால் எலும்பை நகர்த்துவதே மேல். பல்லும் மூச்சும் இடறினால் முழுத் தாடையையும் பார்க்க வேண்டும். ஊசியோ, மாற்றம் எப்படியிருக்கும் என்று பார்த்து முடிவு செய்ய விரும்புவோர்க்கு உதவலாம். எலும்பின் வளர்ச்சி முடியாத பதினான்கு பதினைந்து வயதினருக்கு அழகுக்காக எலும்பை அறுக்கலாகாது. இவையெல்லாம் மருத்துவர் கூற வேண்டியவை. கூறாமல் படம் காட்டிப் பணம் கேட்பவர், வெள்ளை அங்கி அணிந்த வணிகர்!

மருத்துவம் இத்தோடு முடிகிறது. ஒழுக்கக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

திண்ணையிலிருந்து தவறி விழுந்த குழந்தையொன்றை எண்ணிப் பாருங்கள். முகவாயில் அடி. காதருகேயுள்ள தாடை மூட்டு நாளடைவில் இறுகிவிடுகிறது. வாய் திறக்க மறுக்கிறது. பல்லிடுக்கில் சோற்றைக் குழைத்து ஊட்ட வேண்டிய கொடுமை. தாடை வளராமல் முகமே பறவையின் முகம்போல் ஆகிவிடுகிறது. பிறக்கும்போதே தாடை மிகச் சிறுத்து, நாக்கு பின்னே சரிந்து, மூச்சுவிடத் திணறும் குழந்தைகளும் உண்டு. 1923-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ரோபின் விவரித்த நிலை அது. இன்று அத்தகைய தாடையை அறுத்துக் கருவி பொருத்தி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டி, இடைவெளியில் புது எலும்பே வளரும்படி செய்கிறார்கள். மனிதத் தாடையில் இம்முறையை மக்கார்த்தி என்ற அமெரிக்க மருத்துவர் 1992-இல் வெளியிட்டார். விதி என்று விட்டிருந்தால் மடிந்திருக்கும் குழந்தை, மூச்சுவிட்டு விளையாடுகிறது! இதனை எதிர்க்க எவருக்கு நெஞ்சு வரும்? இத்தகைய பணிக்கென நம் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய், முக, தாடை அறுவைப் பிரிவுகள் உள்ளன. ஏழையின் குழந்தையை அங்கே கொண்டுசெல்லச் சொல்ல வேண்டியது நம் கடமை. மந்திரித்துத் தாயத்துக் கட்டும் இடத்துக்கு ஓடவிடலாகாது.

அடுத்து, வாயும் மூச்சும் பல்லும் நலமாயிருந்தும் முகவாய் மட்டும் உள்வாங்கியவர். இவரை நோக்கி நம் தோழர்களிலே சிலர் கூறுவர்: "சுயமரியாதைக்காரனுக்கு அழகு எதற்கு? கத்திக்கு முகத்தை நீட்டுபவன் கொள்கைக் கோழை!" என்று. உரத்த குரல்தான், உயர்ந்த கொள்கைபோல் ஒலிப்பதுதான். ஆனால் எண்ணிப் பார்த்தால், இதிலும் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது.

பெண் பார்க்க வருகிறார்கள். பலகாரம் உண்கிறார்கள், பாடத் தெரியுமா என்கிறார்கள், பிறகு வாசற்படியில் நின்று, "எல்லாம் சரி, முகவாய்தான் சற்று…" என்று இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு முறையல்ல, பல முறை. படித்த பெண், பண்புள்ள பெண், தன் உழைப்பில் வாழத் தெரிந்த பெண், ஒவ்வொரு முறையும் கண்ணாடியின் முன் நிற்கிறாள். அவளிடம் போய், "நீ அழகுக்கு அடிமையாகாதே" என்று உபதேசிப்பது எளிது. அடிமைப்படுத்தியவன் பலகாரத் தட்டைக் காலிசெய்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறான். அடிமைப்பட்டவளுக்கு நாம் பாடம் நடத்துகிறோம்! பழியைப் பொறுப்பவளே பழிக்கும் ஆளாக வேண்டுமா? சமுதாயத்தின் நோய்க்கு அவள் உடலைப் பலியாக்குவதும் தவறு, நம் கொள்கையின் தூய்மைக்கு அவள் வாழ்வைப் பலியாக்குவதும் தவறு.

செங்கற்பட்டிலே 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வாலை அறுத்தெறியச் சொன்னது. பலர் அறுத்தனர். பிறர் பார்வையில் தம் பெயர் எப்படி ஒலிக்கிறது என்பதை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள், அது கோழைத்தனமா? அன்று. ஏன் அன்று? அந்த வெட்டு, அளக்கும் கோலையே முறிக்க விழுந்த வெட்டு. முகவாயில் விழும் வெட்டோ அளவுகோலுக்கு உடலைப் பொருத்துகிறது. இந்த வேற்றுமையை மறைக்கலாகாது. ஆனால், கோல் முறியும் நாள்வரை அடிபடுபவர் தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமையையும் மறுக்கலாகாது. தன் உடல் மீதான தீர்ப்பு தன்னுடையதே என்பது பெண்ணுரிமையின் முதல் பாடம். அந்தத் தீர்ப்பை மாமியார் எழுதலாகாது, மருத்துவ வணிகன் எழுதலாகாது, கொள்கையின் பெயரால் நாமும் எழுதலாகாது.

ஆயின், தீர்ப்பு உண்மையிலேயே தன்னுடையதுதானா என்று தன்னைத்தானே வினவிக்கொள்ளும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. கத்தியை நாடும் தோழர், தோழியர் சில வினாக்களைத் தம் நெஞ்சிடம் கேட்டுப் பார்க்கட்டும். எனக்கு இடர் தருவது என் முகவாயா, என் முகவாயைப் பற்றி ஒருவன் பேசிய பேச்சா? பேசியவன் நாளை மூக்கைப் பற்றிப் பேசினால், நிறத்தைப் பற்றிப் பேசினால், எத்தனை முறை மேசைமேல் படுப்பேன்? மரத்துப்போன உதடு, மீண்டும் ஓர் அறுவை, கரைந்துபோகும் காசு — இவை அனைத்தும் நேரினும், செய்தது சரி என்பேனா? எலும்பு நகர்ந்தால் முகம் மாறும். வாழ்வும் தானே மாறும் என்று நம்புகிறேனா? கடைசி வினாவுக்கு 'ஆம்' என்று விடை வருமானால், அவருக்கு வேண்டியது கத்தியன்று. இல்லாத குறையைப் பெரிதாய்க் கண்டு மனம் நைவதும் ஒரு நோய் என்று மருத்துவம் கூறுகிறது. அந்த நோய்க்கு அறுவை தீர்வாவதில்லை. முகவாயைத் திருத்தினால் குறை மூக்குக்குக் குடிபெயரும்!

கண்ணாடியையும் ஐயுறக் கற்க வேண்டும். கைபேசியை முகத்தருகே பிடித்து எடுக்கும் படம் உண்மையைக் காட்டுவதில்லை. அருகிலிருக்கும் மூக்கு பெருக்கிறது, மற்றவை சுருங்குகின்றன. விலக்கிப் பிடித்தால் அதே முகம் வேறு முகம். கண்ணாடி வில்லையின் பிழையைத் தம் பிழை என்று எண்ணி மருத்துவரிடம் ஓடுவது எவ்வளவு பரிதாபம்! விளம்பரத் தட்டியோ, 'உறுதியான ஆணுக்கு உறுதியான தாடை' என்று அரைகூவுகிறது. லவாட்டர் செத்தும் சாகவில்லை. பாதிரி உடையைக் களைந்துவிட்டு விளம்பர உடையை மாட்டிக்கொண்டு நம் தெருவிலேயே திரிகிறார்!

ஆகவே, இளைஞர்களே, கத்தியோடு நமக்குப் பகையில்லை. மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு அது கொடை. நன்மையும் தீமையும் தெரிந்து, தன் விருப்பத்தால் நாடுபவருக்கு அது உரிமை. அவரை ஏளனம் செய்வது நம் வேலையன்று. நம் வேலை, அவரைக் கண்ணாடியின் முன் தள்ளிய கையைப் பிடிப்பது. புரோகிதரற்ற சுயமரியாதைத் திருமணத்தை அண்ணாவின் அரசு 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லுபடியாக்கிற்று. சாதகக் கட்டு போயிற்று என்று மகிழ்ந்தோம். சாதகக் கட்டு இருந்த இடத்தில் புகைப்படக் கட்டு வந்து அமர்ந்துகொண்டதே, கண்டோமா? பெண்ணை வரிசையில் நிறுத்தி முகவாயை அளப்பவன், மேடையில் எத்தனை மணிநேரம் பகுத்தறிவு பேசினாலும், அவன் நெஞ்சில் சாமுத்திரிகாவே ஆட்சி செய்கிறது.

உங்கள் வீட்டில் பெண் பார்க்கும் படலம் வரும் நாளிலே, உங்கள் அண்ணனோ தம்பியோ, நீங்களேயோ, "முகவாய் சற்று…" என்று இழுப்பதற்கு வாய் திறக்கும்போது, அந்த வாயை அங்கேயே மூடுங்கள். அது செலவில்லாத அறுவை. அதைச் செய்ய மருத்துவர் வேண்டியதில்லை, மனிதர் போதும்.